தன்பாலினத் திருமணமும் 7ஏ பிரிவும்

தன்பாலினத் திருமணம் பற்றிப் பேச்சு வந்தால் ஆதரவாளர்கள் முதலில் எடுத்துப் போடுவது அமெரிக்காவின் லவ்விங் வழக்கை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணந்தால் குற்றம் என்ற வர்ஜீனியா சட்டத்தை 1967ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. "இனம் வேறு, பால் வேறு" என்று எதிர்த்தரப்பு சொல்லும். விவாதம் அங்கேயே சிக்கி நிற்கும். அதே 1967ல் தமிழ்நாட்டில் சட்டமன்றமே திருமணச் சட்டத்தைத் திருத்தியதை இரு தரப்பும் எடுப்பதில்லை.

ஐயரும் அக்கினியும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953ல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை, மோதிரம், தாலி ஏதாவது ஒன்று. முன்பே நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தும் என்றதுதான் அதன் உயிர்நாடி. இல்லாவிட்டால் பழைய ஜோடிகளின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை தொங்கலில் இருந்திருக்கும். மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் திருமணம் இருப்பதால், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலத்தாலேயே இதைச் செய்ய முடிந்தது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கேட்ட சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றமும், இது சட்டம் இயற்றுவோர் வேலை என்றே ஒதுங்கிக்கொண்டது.

ஒப்பீடு இடறும் இடமும் உண்டு. 7ஏ மாற்றியது சடங்கை. யார் யாரை மணக்கலாம் என்பதில் அது கை வைக்கவில்லை. "எந்த இரு இந்துக்களும்" என்று தாராளமாகத் தொடங்கி, அடுத்த வரியிலேயே கணவன், மனைவி என்று வந்துவிடும். மதம் பாராமல் மணக்க வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலும் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்றுதான் இருக்கிறது. 2019ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமகள் என்றால் திருநங்கையும் அடக்கம் என்றது. விளக்கத்தை அதுவரை நீட்டலாம். இருவருமே ஆண், இருவருமே பெண் என்றால் சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

புதுச்சேரியில் இன்னொரு குழப்பம்: "பிரான்சில் 2013லேயே வந்துவிட்டதே, நமக்கும் பிரெஞ்சு சட்டம்தானே?" பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் மதவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது, உண்மை. ஆனால் அவர்களுக்குரியது 1962ல் உறைந்த பழைய பிரெஞ்சு சிவில் சட்டம். 2013 திருத்தம் அதில் சேராது. பிரெஞ்சு குடியுரிமை உள்ள சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பிள்ளை என்றால் கதை வேறு. உள்ளூர்ச் சட்டம் இடம் தராததால் தூதரகம் நடத்திவைக்காது. பிரெஞ்சு சிவில் சட்டம் 171-9 பிரிவின்படி பிரான்சிலுள்ள ஒரு மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) செய்துகொள்ளலாம். துணைவர் இந்தியராக இருந்தாலும் தடையில்லை. திரும்பி வந்தால் இங்கே அந்தச் சான்றிதழை வைத்து வாரிசுரிமை கேட்க முடியாது.

இன்றைக்குக் கையில் இருப்பது கொஞ்சம்தான். கூட்டு வங்கிக் கணக்குக்கும் துணைவரை நாமினியாகப் போடுவதற்கும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பணத்தை வாங்கலாம், இறந்தவரின் தாயோ மற்ற வாரிசோ கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். ஆயுள் காப்பீட்டில் தாய் தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால் மட்டுமே பணம் தனக்கே என்று சொல்லும் உரிமை உண்டு. ஆகவே நாமினி படிவத்தோடு உயிலும் வேண்டும். இரண்டு சாட்சிகள் போதும்; சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும், வீட்டார் தகராறு செய்வார்கள் என்று தெரிந்தால் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.