டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்க

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், ஓசூர்ப் பக்கத்து உறவுக்காரர்களிடம் கன்னடம். மூன்றிலும் பாட வரும் என்பதால் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். 2009இல் கிருஷ்ணகிரியில் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் நேயர் விருப்ப நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளினி தேவை என்று கேள்விப்பட்டேன். பாடுகிறவளுக்குப் பேசுவதா கஷ்டம் என்று போய் நின்றேன்.

செய்தித்தாளில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு இடத்தில் ழகரம் வழுக்கியது. ஒரு வாரம் பயிற்சி செய்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். செய்தேன், எடுத்துக்கொண்டார்கள்.

நேரலையில்தான் திணறினேன். மேடையில் ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகிய தொண்டை, பேசும்போதும் அதே உயரத்தில் நின்றது. கேமரா அண்ணன், "பாப்பா, மைக் பக்கத்துலதான் இருக்கு" என்றார். போன் செய்த நேயர்கள் வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்திருப்பார்கள். என் குரலே கொஞ்சம் தாமதமாக எனக்குத் திரும்பி வரும், அடுத்த வார்த்தை மறந்துவிடும். "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து போய்க் குறைத்துவிட்டு வரும் வரை பேசாமல் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பத்து விநாடி பயமாக இருக்கும். ஒரு பாட்டை எடுத்துப் பாடி நிரப்பிவிடுவேன்.

ஒரு நாள் ஒரு பெரியவர் பேசினார். பாட்டின் பெயரைச் சொன்னார். யாருக்காக என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பல்லவியைப் பாட ஆரம்பித்துவிட்டேன். முடித்துப் பார்த்தால் இணைப்பில் அவர் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் தொகுத்த நிகழ்ச்சிகளை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். 1966இல் திரையில் பாட வந்தவர், தெலுங்கில் ஈடிவியில் 'பாடுதா தீயகா' பாட்டுப் போட்டியைத் தொடங்கியது 1996இல், தன் ஐம்பதாவது வயதில். கன்னடத்தில் 'எதெ தும்பி ஹாடுவெனு', தமிழில் ஜெயா டிவியில் 'என்னோடு பாட்டுப் பாடுங்கள்'. எங்கள் வீட்டில் மூன்றுமே ஓடும். நான்கு மொழிகளில் பாடித் தேசிய விருது வாங்கிய குரல் அது. ஆனாலும் ஒரு குழந்தை பாடும்போது அவர் நடுவில் புகமாட்டார். முடித்ததும் முதலில் பாராட்டு. பிறகுதான் உச்சரிப்பு எங்கே நழுவியது, அந்த இடத்தில் இசையமைப்பாளர் என்ன நினைத்திருப்பார் என்று கதை மாதிரி சொல்வார். திருத்தம் வாங்கிய பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கும். அவ்வளவு பாடத் தெரிந்தவர் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

சரி, நானும் பழகினேன். நிகழ்ச்சிக்கு முன்னால் உச்சஸ்தாயியில் பாடிப் பார்ப்பதை நிறுத்தினேன். தம்பூரா சத்தத்தைக் கேட்டபடி கீழ் ஷட்ஜத்தை, அதாவது 'ஸ'வை மட்டும் முனகிவிட்டு, அந்தச் சூட்டிலேயே பேச ஆரம்பிப்பேன். ஏசி அறையில் குளிர்ந்த தண்ணீரைத் தொடுவதில்லை, வெந்நீர்தான். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து யாராவது தெலுங்கில் திக்கினால், நானும் ஒரு வரி தெலுங்கில் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வருவேன். என் பாட்டு, நேயர் கேட்டால் மட்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து பர்கூரிலிருந்து ஒரு அம்மா. பாட்டைச் சொன்னார். "யாருக்காகம்மா?" என்றேன். பதில் இல்லை. கேமரா அண்ணன் கையைச் சுழற்றி, பேசு பேசு என்று சைகை காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கேயோ குக்கர் விசில் கேட்டது.

"எனக்காகத்தாம்மா. இது வரைக்கும் எனக்குன்னு எதுவும் கேட்டதில்ல" என்றார்.

பாட்டைப் போட்டோம்.