அப்பாவின் மாத்திரையும் கேழ்வரகுக் கூழும்

அப்பாவுக்கு ஐ.டி.பி. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடும் நோய். ஸ்டீராய்டு சரிவராமல், தட்டணுக்களைக் கூட்டும் எல்ட்ரோம்போபாக் மாத்திரை எழுதினார்கள். மூன்று வாரமாகியும் தட்டணு எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டவில்லை.

"காலையில என்ன சாப்பிடுறீங்க ஐயா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவர், நினைவு தெரிந்த நாளிலிருந்து கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடிப்பவர். மாத்திரையையும் அதோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார்! கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். மோர் வேறு. கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டும் அப்படித்தான்.

இப்போது காலை 5 மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. பால், கூழ் எல்லாம் 2 மணி நேரம் கழித்துத்தான். முதலிலேயே சாப்பிட்டுவிட்டால் மாத்திரைக்கு 4 மணி நேரம் பொறுக்கணும். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஏறிவிட்டதென்று நாமாக நிறுத்தவும் கூடாது, ரத்தக்கசிவு வரலாம். இந்த மருந்தால் பாதிப்பு வரலாம் என்பதால் கல்லீரலுக்கும் கண்புரைக்கும் பரிசோதனை தனி. 50,000 தாண்டினாலே போதுமாம். ரொம்ப ஏறினால் ரத்தம் உறையும் ஆபத்து.

பப்பாளி இலைச் சாறு சொன்ன சொந்தங்களே, இது டெங்கு இல்லை.

போன வாரம் 64,000. அப்பாவுக்கு ஒரே குறை, காபிக்கு ஏழு மணி வரை காத்திருக்கணும். சித்தப்பா ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த காபித்தூள் டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.