கருடக்கொடியும் 96 குழிகளும்

மூலிகைகளில் புற்றுநோய் மருந்து தேடும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் உடனே உறவினர் ஒருவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். எந்தக் கீரை நல்லது, எந்தக் கஷாயம் கேட்கும் என்பார். என்னிடம் பதில் இருக்காது. என் வேலையில் பெரும்பகுதி ஊதா நிறத்தை அளப்பதுதான்.

96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று. மார்பகப் புற்றிலிருந்து வந்த எம்.சி.எஃப்-7, நுரையீரல் புற்றிலிருந்து வந்த ஏ549 போன்ற செல்களை அதில் வளர்ப்போம். செடியின் எக்ஸ்ட்ராக்டைக் குழிக்குக் குழி அளவைக் கூட்டி விடுவோம். ஒன்றிரண்டு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம். உயிரோடிருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் மேல் ஊதா ஊசிகள் கொத்துக் கொத்தாகக் குத்திட்டு நிற்கும். அவற்றைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளந்தால், எத்தனை சதவீதம் பிழைத்தது என்று தெரிந்துவிடும்.

தெரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறோம். பாலிபீனால் என்ற, இலைகளில் இயல்பாக இருக்கும் பொருள் நிறைந்த சாறு, செல்லே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அதனால் செல் இல்லாத குழிகளுக்கென்று ஒரு வரிசையை ஒதுக்கியாக வேண்டும். என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்த வரிசையைப் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு காலத்தில், மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல்களைக் கொல்லாத கச்சாச் சாற்றை மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை என்று வரம்பு வைத்திருந்தது. இங்கே 300க்கும் "சிறந்த புற்றுநோய் எதிர்ப்புத் திறன்" என்று எழுதுகிறார்கள். அந்த அளவில் எதை ஊற்றினாலும் செல் செத்துத்தான் போகும்.

எங்கள் மாணவி ஒருத்தி கருடக்கொடி வேரை எடுத்துக்கொண்டாள். பாம்புக்கடிக்கு என்று கிராமத்து வைத்தியத்தில் பேர்பெற்ற கொடி. முறையாகச் செய்தாள்: செடியின் மாதிரியைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு அனுப்பி, அரிஸ்டோலோக்கியா இண்டிகா என்று சான்று வாங்கிய பிறகே தட்டில் கைவைத்தாள். எக்ஸ்ட்ராக்ட் ஏ549 செல்களைக் குறைந்த அளவிலேயே கொன்றது. செல் இல்லாத வரிசையும் சுத்தமாக இருந்தது. "மேடம், பேப்பர் எழுதிவிடலாமா?" என்றாள்.

எதிர் அறையில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுக்கும் நண்பர் இருக்கிறார். ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் சில மீட்டருக்குள் வருவதை மட்டும் குறித்துக்கொள்வது அவர் வேலை. வெயில் ஏறாமல் பட்டாம்பூச்சி பறக்காது என்பதால் காலையில் சாவகாசமாகக் கிளம்புவார். எங்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. அன்று டீ குடிக்க வந்தவர் மேசையில் இருந்த வேர்க்கட்டைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவது இந்தக் கொடியிலும் இதன் உறவுக் கொடிகளிலும்தான். புழு இலையைத் தின்று அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை வாயில் வைத்த பறவை மறுமுறை கிட்டே வராது. கறிவேப்பிலை அழகி என்ற இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சே இல்லாமல் இதன் வேஷத்தை மட்டும் போட்டுக்கொண்டு தப்பித்துத் திரிகிறது. "இதைத் தின்ற புழுவைப் பறவைகூடத் தொடாது. நீங்கள் மருந்து என்கிறீர்களே?" என்றார் நண்பர்.

அவர் கேலியாகச் சொன்னதன் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1962இல் அமெரிக்க வேதியியலாளர் குப்சானும் சகாக்களும் இதே கருடக்கொடியிலிருந்து இதே அமிலத்தைப் பிரித்து, கட்டியைத் தடுக்கும் பொருள் என்று வெளியிட்டார்கள். 1982இல் அதை எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளுக்கே புற்று வந்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலியச் சாப்பிட்ட சீன மூலிகை மாத்திரையில் ஸ்டெபானியா என்ற மூலிகைக்குப் பதில் கருடக்கொடியின் உறவான ஓர் அரிஸ்டோலோக்கியா இனம் சேர்ந்துவிட, பல பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இந்த இனச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளை, மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று உறுதியான முதல் வகுப்பில் வைத்தது. தைவான் 2003இல் தடை செய்தது. அமிலம் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினினோடு ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் இன்னோர் எழுத்தான தைமினை வரவைக்கிறது. இந்தத் தடம் வேறு எதனாலும் எளிதில் வராது. 2017இல் தைவானின் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளின் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தபோது 78 சதவீதத்தில் அந்தத் தடம் இருந்தது.

ஆக, புற்றை உண்டாக்கும் பொருள் எங்கள் தட்டில் புற்றைக் கொன்றிருக்கிறது. தட்டு பொய் சொல்லவில்லை. செல் செத்ததா என்று மட்டுமே அதனிடம் கேட்டோம், அதற்கு மட்டுமே அது பதில் சொன்னது.

டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் மையத்தினர் 1990களில் முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து பியரிசின் என்ற புரதத்தைப் பிரித்தார்கள். புற்றுச் செல்களை அது தற்கொலைக்குத் தள்ளியது. அந்தப் புழு அதை வைத்திருப்பது பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவிகளைச் சமாளிக்க. செடியானாலும் புழுவானாலும், தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருப்பதைத்தான் நாம் எடுத்து மருந்தா என்று பார்க்கிறோம்.

இப்படிச் சொல்வதால் மூலிகை ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்மாவட்டங்களில் பயிராகி ஏற்றுமதியாகும் நித்தியகல்யாணி தரும் வின்கிரிஸ்டின் இல்லாமல் குழந்தைகளின் ரத்தப்புற்றுக்குச் சிகிச்சை இல்லை. 1950களில் கனடாவில் அந்த இலையைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். எலிகளின் வெள்ளையணுக்கள் சரிந்ததைக் கவனித்ததால் கதை திரும்பியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, மும்பையில் விசுவநாதனுடன் சேர்ந்து, சீன மரத்தில் மட்டும் அறியப்பட்ட கேம்ப்டோதெசின் என்ற புற்றெதிர்ப்புப் பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றில் ஏராளமாக இருப்பதை 1972இல் காட்டினார். அதன் வழிவந்த இரினோடிகன் 1994இல் ஜப்பானில் புற்றுநோய் மருந்தானது. இடையில் எத்தனை வேதியியல், எத்தனை நச்சுச் சோதனை! கூடவே மலையில் எத்தனை மரம் வெட்டுப்பட்டது என்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டாள். மருந்துச் சரக்காக விற்கும் வேர்களில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று எச்.பி.எல்.சி. என்ற, கலவையைப் பொருள் பொருளாகப் பிரித்து அளக்கும் கருவியில் அளக்கப்போகிறாள். ஆய்வுக் குழுவில் ஒருவர், இதில் புதுமை என்ன, எந்தப் புற்றை இது குணமாக்கும் என்று கேட்டார். அவள் தைவான் கட்டுரையை எடுத்து நீட்டினாள். ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான தூய அமிலத்துக்கான பணம் மட்டும் இன்னும் வரவில்லை.