கட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது

"சின்ன கேஸுதாண்ணே, இந்நேரம் தள்ளுபடி ஆகியிருக்கும்." வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய், போலீஸ் விசாரணையில் மாட்டும்போதுதான் தள்ளுபடி ஆகவில்லை என்று தெரியும்.

சின்னக் குற்றங்களுக்குக் காலவரம்பு உண்டு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கான வரம்பு. வாய்தாவுக்கு வராதவரைப் பிடித்துவரச் சொல்லும் பிடிவாரண்டுக்கு வயதே கிடையாது. பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது ஆளைப் பிடிக்கும்வரை அது செல்லும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 70(2), 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்தில் 72(2). நம்பர் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை.

வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். பல வருடங்களுக்கு முன் பைக்கை நின்ற ஆட்டோவில் மோதியிருக்கிறார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆவது பிரிவு, அதிகபட்சம் ஆறு மாதம் சிறை, அல்லது 1000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு வாய்தாவுக்கு வந்தவர், விசா கிடைத்ததும் கிளம்பிவிட்டார்.

ஜட்ஜை நினைத்து அவர் நடுங்கினார். எனக்கோ வழக்குக் காகிதங்கள் இருக்கும் கட்டைப் பற்றித்தான் கவலை. இடையில் கோர்ட்டைப் பிரித்துவிட்டார்கள். வழக்கு எண்ணும் மாறிவிட்டது. கடைசியில் நீண்டநாள் நிலுவை வழக்குகளோடு கிடந்தது. நாடா நிறம் போயிருந்தது. உள்ளே பக்கம் பக்கமாக ஒரே வரி: "எதிரி ஆஜரில்லை. பிடிவாரண்ட் நிலுவை." எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது இவர். மேலே தேதி மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

சரண்டர் ஆகி, வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் ரீகால் மனு போட்டோம். "இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?" என்றார் ஜட்ஜ். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரைகளைக் காட்டினார் எங்கள் வக்கீல். தானாக வந்து நிற்கிறவரையும் போலீஸ் பிடித்து வந்தவரையும் கோர்ட் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஆனாலும் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க, வாய்ப்பே இல்லை என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. இவருக்குப் புது ஜாமீன்தாரர்களோடு வாரண்ட் ரத்தானது.

அன்றே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா என்று கேட்டார். கட்டலாம், ஆனால் அதுவும் தண்டனைதான், அடுத்த விசா படிவத்தில் எழுத வேண்டிவரலாம். யோசித்து, வழக்கை நடத்துகிறேன் என்றார்.

அப்புறம் ரீகால் உத்தரவின் நகலோடு அவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், பதிவேட்டிலிருந்து அந்த வாரண்டை அடித்து நீக்கவைத்தேன். இதைச் செய்யாமல் ஊருக்குப் போன இன்னொருவரை, ரத்தான அதே வாரண்டுக்காக ஏட்டு விடியற்காலையில் வந்து எழுப்பினார்.