ஃபிளாஷுக்கு வெள்ளை மூடி போட்டால் போதுமா?

கல்யாணத்துக்குப் படம் எடுக்க வரும் பையன்களில் பாதிப் பேர் ஃபிளாஷ் தலையில் ஒரு பால்வெள்ளை பிளாஸ்டிக் மூடியை மாட்டியிருப்பார்கள். டூம் டிஃப்யூசர். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதோடு ராத்திரி மாப்பிள்ளை அழைப்பில், நடுரோட்டில் நின்றுகொண்டு, நேராக முகத்தைப் பார்த்து அடிப்பார்கள். அங்கே அந்த மூடி பேட்டரியைச் சீக்கிரம் தீர்க்கும். வேறொன்றும் செய்யாது.

காரணம் எளிது. வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் தாண்டி வந்துவிட்டால் வெளிச்சம் மென்மையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் எதிரே நிற்கும் ஆளின் கண்ணுக்கு விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில்தான் மென்மை இருக்கிறது. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரிதான் அடைக்கிறது. உச்சி வெயிலில் மூக்குக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுவது அதனால்தான். மேகம் மூடினால் வானம் மொத்தமும் விளக்காகிவிடும், நிழல் கரைந்துவிடும். நம் ஃபிளாஷின் முகப்பு ஏழு சென்டிமீட்டர் அகலம், நாலைந்து சென்டிமீட்டர் உயரம். மூடி போட்டால் கொஞ்சம் கூடும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபிளாஷுக்குள்ளிருந்து இழுத்தால் வரும் கண்ணாடி மாதிரித் தகடும் அப்படித்தான். அது அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸுக்கு வெளிச்சத்தைப் பரப்ப வைத்தது. மென்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்போது மூடியை எதற்குச் செய்தார்கள்? அறைக்குள் எடுப்பதற்கு. ஃபிளாஷ் தலையை 45 டிகிரி தூக்கி வைத்தால் மூடி வெளிச்சத்தை நாலா பக்கமும் எறியும். கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவதுதான் முகத்தில் இதமாக விழும். வேலை செய்வது கூரை, பேர் மூடிக்கு.

என்னிடம் உதவிக்கு வரும் பையன் ஒருநாள் கேட்டான்: “அண்ணே, டூம் போட்டாச்சு, நிழல் அப்படியே இருக்கே?”

“மேல பாருடா” என்றேன். தகர ஷீட் கூரை, எங்கேயோ உயரத்தில். வெளிச்சம் போனது போனதுதான்.

கும்பகோணம் பக்கத்து மண்டபங்களில் நான் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துதான் பார்ப்பேன். புது ஏசி ஹால், பன்னிரண்டடியில் வெள்ளை ஃபால்ஸ் சீலிங் என்றால் டிஃப்யூசரே வேண்டாம், ஃபிளாஷைத் தூக்கி அடித்தால் போதும். பழைய வீட்டுக் கூடத்து மர உத்திரம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். பந்தலில் மேலே கட்டும் துணி இருக்கிறதே, அதுதான் தலைவலி. ரோஸ் துணி என்றால் எல்லோரும் ரோஸ். பச்சைச் சுவர் ஓரம் உட்காரவைத்து எடுத்தால் பெண்ணின் ஒரு கன்னம் மட்டும் பச்சை. கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை நகர்த்தினால் இன்னொரு கன்னம் ஊதாப் பக்கம் ஓடும்.

கூரையில் மட்டும் அடித்தாலும் ஒரு குறை உண்டு. வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்குவதால் கண்குழி இருண்டு, தூக்கமில்லாத முகமாகத் தெரியும். அதற்குத்தான் ஃபிளாஷின் பின்னால் ஒரு வெள்ளை அட்டை. நான் வைத்திருப்பது ஸ்டேஷனரி கடையில் வாங்கிய வெள்ளை ஃபோம் ஷீட், இரண்டு மில்லிமீட்டர் கனம். ஏ4 அளவில் பாதி. கீழ்ப் பக்கத்தை ஃபிளாஷ் தலையின் பின்புறம் ஒட்டி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் இரண்டு சுற்று. மேல் விளிம்பை விரலால் லேசாக முன்னால் வளைத்துவிடுவேன். ஃபோம் என்பதால் வளைத்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். வெளிச்சத்தில் பெரும் பங்கு கூரைக்குப் போகும், மிச்சம் அட்டையில் பட்டு நேராக முகத்துக்கு வந்து கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கும். அட்டையின் பரப்பு ஃபிளாஷ் முகப்பைப்போல் சுமார் பத்து மடங்கு. நாலைந்து அடிக்குள் எடுக்கும்போது இது நன்றாகவே தெரியும். மேடையில் இருபது பேரை நிற்கவைத்து எடுக்கும் குரூப் போட்டோவுக்கு இது காணாது. அங்கே ஸ்டாண்டில் வெளிச்சத்தைப் பரப்பும் குடை வைத்துத்தான் ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் விலை பவர். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப்; வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப். கூரைக்குப் போய்த் திரும்பும் தூரம் சேரும். கூரை கொஞ்சம் விழுங்கும். மூடி இருந்தால் அதுவும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் தின்னும். கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக உணரும் என்பதுதான் ஐஎஸ்ஓ; அதில் 200-லேயே உட்கார்ந்திருந்தால் ஃபிளாஷ் முழு பவரில் அடிக்கும்; அடுத்ததற்கு நிரம்ப இரண்டு மூன்று நொடி ஆகும். கெட்டிமேளம் கொட்டி முதல் முடிச்சு போட்டாயிற்று, நம் ஃபிளாஷில் ‘தயார்’ என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? அதனால் முகூர்த்தத்துக்கு நான் ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் திறப்பு எஃப் 4. கால் பவர் போதும், மூன்று முடிச்சும் விழும்.

எல்லாவற்றையும் மென்மையாக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஹோமப் புகையில் வியர்த்த நெற்றிக்கு மென்மையான வெளிச்சம்தான் சரி. நேராக அடித்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். வைர மூக்குத்திக்கு நேர்மாறு. அது சின்ன, கூரான விளக்கில்தான் தெறிக்கும். கூரை வெளிச்சத்தில் வெறும் கண்ணாடித் துண்டாகிவிடும். பட்டுப்புடவை ஜரிகையும் அப்படியே. நகை குளோசப் எடுக்கையில் ரப்பர் பேண்டை உருவி அட்டையைப் பாக்கெட்டில் வைத்துவிடுவேன். மென்மை மென்மை என்று ஆல்பம் முழுக்க மாவு பூசியதுபோல் எடுத்துத் தருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

வீட்டில் பிறந்தநாள் எடுப்பவர்களும் கேட்கிறார்கள், கேமராவிலேயே மேலெழும் குட்டி ஃபிளாஷுக்கு என்ன செய்வது என்று. முன்னால் பட்டர் பேப்பர் கட்டச் சொல்வார்கள். கண் கூசுவது கொஞ்சம் குறையும், நிழல் அப்படியேதான் இருக்கும். கூரை வெள்ளையாக, தாழ்வாக இருந்தால் ஒரு விசிட்டிங் கார்டை ஃபிளாஷுக்கு முன்னால் சாய்வாகப் பிடித்து வெளிச்சத்தை மேலே திருப்பிப் பாருங்கள். அந்தக் குட்டி ஃபிளாஷுக்குச் சக்தி குறைவு, அதனால் ஐஎஸ்ஓவைத் தாராளமாக ஏற்ற வேண்டும். கார்டில் அச்சில்லாத பக்கம் ஃபிளாஷைப் பார்த்திருக்கட்டும். மஞ்சள் கார்டு வேண்டாம், குழந்தைக்குக் காமாலை வந்துவிடும்.