ஸ்டிக்கரைத் தொலைத்துவிடாதீர்கள்: அம்மாவின் இடுப்பு மூட்டு அனுபவம்

அம்மாவுக்கு 2008-ல் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். செயற்கை மூட்டின் பந்து, அது சுழலும் கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம். போன வருஷம் தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வயசாகுதில்ல" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். இன்றும் என் கோபம் ஆறவில்லை.

வேறு டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். அவற்றை விழுங்கும் செல்கள் அழற்சியைக் கிளப்பிவிட, பக்கத்து எலும்பு கரையத் தொடங்கும். எக்ஸ்ரேயில் அது தெரிவதற்குள் எலும்பு கணிசமாகப் போயிருக்கும். எலும்பு மஜ்ஜைக்குள்ளும் உலோகம் சேருவதை பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2020-ல் காட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அடுத்து அவர் கேட்டது, மூட்டின் மாடலும் லாட் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) அச்சிட்ட ஸ்டிக்கர். இந்த வகையில் ஒரு மாடலை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அம்மாவுடையது அதுதானா என்று தெரிய வேண்டும். பழைய மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில், "மூணு வருஷத்துக்கு மேல வச்சிருக்க மாட்டோம் சார்" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள். விதியும் மூன்று வருடம்தான். வீட்டில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "மூட்டு மாற்றப்பட்டது" என்பதோடு சரி. கடைசியில் அப்பா இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிய பில்களின் ஜெராக்ஸ் கட்டில் ஸ்டிக்கரின் நகல் கிடைத்தது! திரும்பப் பெற்ற மாடல் இல்லை, ஆனால் அதே வகை.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு அலைச்சல். கோபால்ட், குரோமியம் பார்க்க, உலோகக் கலப்பில்லாத கருநீல மூடிக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். பக்கத்து லேபில் சாதாரணக் குழாயில் எடுத்துவிட்டார்கள். மாதிரி செல்லாது என்று திரும்பி வந்தது. போகுமுன் போனிலேயே குழாயைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். மறுபடி எடுத்ததில் கோபால்ட் லிட்டருக்கு 11 மைக்ரோகிராம். 7-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அளவுகோல். எம்ஆர்ஐயும் சாதாரணமாக எடுத்தால் உலோகத்தைச் சுற்றி ஒன்றும் தெரியாது. உலோகத்தால் படம் கெடுவதைக் குறைக்கும் 'மார்ஸ்' முறையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் மறு அறுவை சிகிச்சை. மூட்டைச் சுற்றிய சதை கறுத்துப் போயிருந்ததாம். பீங்கான் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. கழற்றிய மூட்டைக் கழிவோடு போடவிருந்தார்கள். முந்தைய நாளே எழுத்தில் கேட்டு, முத்திரை வாங்கி வைத்திருந்ததால் கையில் கொடுத்தார்கள். பின்னாளில் இழப்பீடு என்று கேட்கப் போனால் அதுதான் சாட்சி. இந்த முறை ஸ்டிக்கரை அங்கேயே போட்டோ எடுத்து, தங்கைக்கும் அனுப்பிவிட்டேன்.

கோபால்ட் இப்போது 2-க்குக் கீழே. குரோமியம் மெதுவாகத்தான் இறங்குகிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.