ஈரம் கீழே, ஓட்டை மேலே

பண்டாரவளையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேட்டில் 1,000 லீட்டர் தாங்கி. அதிலிருந்து முக்கால் அங்குல பிவிசி பைப் இரண்டு கிளையாக இறங்கி முன்பக்கப் புல்தரைக்கு வருகிறது. மோட்டர் கிடையாது. தாங்கிக்கும் கடைசி ஸ்பிரிங்ளருக்கும் 12 மீட்டர் உயர வித்தியாசம், அதனால் 1.2 பார் அழுத்தம் சும்மாவே கிடைக்கிறது.

ஆகஸ்ட் மாதம் ஹற்றன் பக்கம் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் வறட்சி. புல்லெல்லாம் பழுத்துக் கிடக்க, வேலியோரம் ஒரு பாய் அளவு இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. கால் வைத்தால் சதக்கென்றது. அங்கேயே இரண்டடி தோண்டினேன். பைப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்து வீட்டு ஐயா தோட்டத்தில் பைப் வேலை பார்த்தவர். குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பைப் பதிச்ச காணுல மண்ணு பொலபொலன்னு இருக்கும் தம்பி. தண்ணி அதுக்குள்ளயே ஓடி வந்திரும். மேல போய்ப் பாருங்க."

சரி, எந்தக் கிளை என்று முதலில் தெரிய வேண்டுமே. ஸ்பிரிங்ளர் தலைகளைக் கழற்றி மூடி போட்டேன். முதல் இரவு இரண்டு வால்வையும் பூட்டி, தாங்கிக்குள் மூங்கில் குச்சி விட்டு அளந்தேன். காலையில் அதே மட்டம். மறுநாள் இடது கிளையை மட்டும் திறந்தேன், அதிலும் மாற்றமில்லை. மூன்றாம் இரவு வலது கிளை. ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து வரை 7 சென்ரிமீட்டர் இறங்கியிருந்தது. தாங்கியின் விட்டம் ஒரு மீட்டர், ஒரு சென்ரிமீட்டருக்கு ஏறக்குறைய 8 லீட்டர். எட்டு மணி நேரத்தில் 55 லீட்டர் மண்ணுக்குப் போயிருக்கிறது!

ஸ்குரூட்ரைவரைப் பைப்பில் வைத்துக் காதைக் கொடுத்தும் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் சத்தம் அவ்வளவாகக் கடக்காது. நாய் குரைப்பதுதான் கேட்டது. கடைசியில் கைகொடுத்தது ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. பைப்பில் குத்திவிடாமல் ஒரு சாண் தள்ளி, அடிக்கொரு தரம் இறக்கிக்கொண்டே மேலேறினேன். மூன்று மீட்டர் வரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அதற்கு மேல் மண் காய்ந்து இறுகியிருந்தது, கம்பி முட்டி நின்றது. அந்த இடத்தில்தான் எல்போ, அதாவது பைப் வளையும் மூட்டு.

தோண்டினால், மூட்டில் பாதிச் சுற்றுக்குத்தான் பசை பிடித்திருந்தது. பதித்தது வேறு யாருமில்லை, நானேதான். மழையில் பைப்பைத் துடைக்காமலே ஒட்டிய ஞாபகம் அப்புறம்தான் வந்தது. இந்த முறை அடிமூடியைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்து, துணியால் துடைத்து, புது எல்போ போட்டு, ஒரு நாள் காய விட்டேன். மறு இரவு குச்சியில் ஈரக்கோடு இறங்கவில்லை.

ஆனாலும் தலைகளைத் திரும்பப் பூட்டியதும், வால்வை அடைத்த பிறகு கீழ்க்கோடி ஸ்பிரிங்ளரில் தண்ணீர் வடிந்தது. ஒரு கணம் பகீரென்றது. அது ஓட்டை இல்லை, சரிவில் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர். 20 மீட்டர் பைப்பில் ஆறு லீட்டர் இருக்கும். சற்று நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. அதற்கு, நிற்கும் தண்ணீரை வடியவிடாமல் தடுக்கும் செக் வால்வு போட வேண்டும். டவுன் கடையில் முக்கால் அங்குலம் இல்லை, வரும் கிழமை பார்க்கலாம் என்றார்கள்.